கொடுமுடியில் எழுந்த குரல்: கே. பி. சுந்தராம்பாள்

கொங்கு நாட்டில் காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடி, மூவர் முதலிகளின் பாடல் பெற்ற திருத்தலம். அவ்வூரில் 1908ஆம் ஆண்டு வறிய குடும்பமொன்றில் பிறந்தவர் சுந்தராம்பாள். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாய் பாலாம்பாள் தாங்கினார். பிற்காலத்தில் தமிழுலகம் நன்கறிந்த ‘கே. பி.’ என்னும் தலைப்பெழுத்துகளுள் முன்னது ஊரையும் பின்னது தாயையும் குறிப்பன. மதுரை சண்முகவடிவின் மகளாகிய எம். எஸ். சுப்புலட்சுமிக்கும் அவ்வாறே. பாடியும் ஆடியும் வாழ்ந்த மகளிர் உலகில் அது இயல்பான வழக்கு. மற்ற வீடுகளில் அதனை மதிப்புக் குறைவாகவே கருதினர். அந்தத் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளாமலேயே ஒரு பெண் நாட்டின் சட்ட மேலவை வரை சென்றார் என்றால், இடையில் நிகழ்ந்த சமூக மாற்றம் எத்தகையது என்பதை ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

பசியைப் போக்க ரயில் வண்டியில் பாடிக்கொண்டு சென்ற சிறுமியின் குரலைச் செவியுற்றோர், வேலு நாயர் என்பாரின் நாடகக் குழுவில் அவரைச் சேர்ப்பித்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. சிறுவர் வேடங்களில் தொடங்கிய மேடை வாழ்வு, சில ஆண்டுகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகிய இரண்டையும் ஏற்கும் ஆற்றலாக வளர்ந்தது.

அக்கால நாடக உலகின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றித் தந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்கள் எல்லா ஊர்களிலும் நடந்தன. நிலையான குழு இல்லாமல், பெயர்பெற்ற நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைத்து ஓரிரவு நடத்துவதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை இராது. கதை எல்லார்க்கும் தெரியும், பாட்டும் தெரியும். ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் அதை மிஞ்சப் பாடவேண்டும். ஹார்மோனியக்காரரும் விடமாட்டார். ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டால்தான் நடிகருக்கு அடுத்த ஊரில் அழைப்பு. சுந்தராம்பாளின் குரல் ஓங்கி நிற்கும் இடத்திலும் சொல் சிதைவதில்லை. வல்லினமும் மெல்லினமும் தத்தம் உருவோடு வந்து விழும். எழுத்தறியாத மக்கள் முன்னிலையில் பாடிப் பாடிப் பெற்ற பயிற்சியே அதற்குக் காரணம் எனலாம். யாப்பை ஏட்டில் கற்ற பலர்க்கும் வாய்க்காத ஓசைத் தெளிவு அது. கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

இலங்கைத் தமிழரிடையே நாடகங்களுக்குப் பெருவரவேற்பு இருந்தது. 1926ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையில் அவருடன் பாட வந்து சேர்ந்தவர் செங்கோட்டை கிட்டப்பா. 1906இல் பிறந்த அவர், சிறுவயது முதலே மேடையேறி, எட்டாத உயரத்தில் நின்று பாடும் குரலால் பெயர்பெற்றவர். இருவரும் வள்ளியும் வேலனுமாக நடித்த வள்ளி திருமணம் இரு நாட்டிலும் புகழ்பெற்றது. மேடைக் காதல் வாழ்க்கைக் காதலாகி 1927இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா அந்தணர்; முன்னமே மணமானவர். சுந்தராம்பாள் வேறு சாதியினர். வீட்டில் நடந்திருந்தால் ஊரே திரண்டு தடுத்திருக்கக்கூடிய ஓர் உறவை, மேடையில் கண்டு அதே ஊரார் ஒன்ஸ்மோர் கேட்டு மகிழ்ந்தனர்.

வாழ்க்கை அவ்வாறு இனிக்கவில்லை. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. பிணக்கும் பிரிவும் வந்தன. இருவரும் எழுதிக்கொண்ட மடல்கள் பிற்காலத்தில் அச்சில் வந்துள்ளன. புகழின் உச்சியில் நின்ற இளம்பெண்ணொருத்தி தன் மணவாழ்வின் நிலைக்காக எவ்வளவு இறங்கி வேண்டியிருக்கிறார் என்பதை அவை காட்டுகின்றன. தமிழில் பெண்ணெழுத்து பற்றி ஆராய்வோர் அம்மடல்களை இன்னும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்றே சொல்லவேண்டும். கிட்டப்பா உடல்நலம் குன்றி, 1933 டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று முதல் வெள்ளாடை. ஆடவரோடு இணைந்து நாயகியாக நடிப்பதில்லை என்ற உறுதி. இவ்விரண்டையும் இறுதிவரை காத்தார். பத்தினித் தன்மை என்று இதனை ஊர் போற்றியது. போற்றுதல் உண்மையே எனினும், அதனுள் உறையும் மற்றொன்றையும் காணவேண்டும். மேடையேறிய பெண்ணை மதியாத சமூகம் அது. அவளுடைய பாட்டு வேண்டும், அவள் வேண்டாம் என்பதே அதன் நிலை. அச்சமூகத்தின் கண்ணுக்கு, வெள்ளாடை அணிந்த பின்னரே சுந்தராம்பாள் வணங்கத்தக்கவராகத் தோன்றினார். வள்ளியாக நின்ற காலத்தில் கிட்டிய புகழ் வேறு. துறவியாக நின்ற காலத்தில் கிட்டிய மரியாதை வேறு.

இதற்கு நம் இலக்கிய மரபிலேயே இணை உண்டு. திருநின்றவூர் வழியே அரக்கோணம் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் உள்ள திருவாலங்காடு, காரைக்காலம்மையார் இறைவன் ஆடல் கண்டு பாடிய தலம். புனிதவதியாக இருந்த வணிகர் குலப் பெண், தசைப்பொதியைக் கழித்துப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற பின்னரே மூத்த திருப்பதிகம் பாடினார். ஒளவையும் இளமையை வேண்டாது முதுமையை இறைவனிடம் இரந்து பெற்றார் என்பது வழக்கிலுள்ள கதை. பாடும் பெண் ஊரூராகச் செல்லவேண்டுமானால் அழகையும் இளமையையும் விலையாகக் கொடுத்துவிடவேண்டும் என்பது இக்கதைகளின் உட்கிடை. சுந்தராம்பாள் பின்னாளில் இவ்விருவர் வேடங்களையே ஏற்றார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

துயரத்தில் ஒதுங்கியிருந்தவரைப் பொதுவாழ்வுக்கு மீட்டதில் சத்தியமூர்த்திக்குப் பெரும்பங்கு உண்டு. 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் மேடைகளை அச்சுறுத்திக்கொண்டிருந்த நாளிலும், புராண நாடகத்தின் இடையே கதரையும் காந்தியையும் பாடும் துணிவு நடிகர்களுக்கு இருந்தது. பாட்டுக்கும் கதைக்கும் தொடர்பு உண்டா என்று எவரும் கேட்டதில்லை. வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டும்போது, அப்பறவை வெள்ளைக்காரன்தான் என்பது மக்களுக்குத் தெரியும். அப்பாட்டுகள் இசைத்தட்டுகளாகவும் பரவின. தேசியப் பாடல்கள் மக்களிடம் சென்ற வழியை ஆராய்ந்த சு. தியடோர் பாஸ்கரன், நாடகக் கலைஞர்களின் இப்பணியை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். காங்கிரஸ் கூட்டங்களில் தலைவர் பேசுமுன் சுந்தராம்பாள் பாடுவார். கூட்டம் அவருக்காகக் கூடும்; பிறகு தலைவருக்காக இருக்கும். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது. அவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. பாட்டும் அவற்றுள் ஒன்று.

கூத்தாடிகளை அரசியல் மேடைக்கு அழைத்துவருகிறார் என்று சத்தியமூர்த்தியை அன்று அவர் கட்சியினரே குறைகூறினர். 1960களில், திரைக்கலையைத் துணைகொண்டு வளர்ந்த எதிரணியினரை அதே சொல்லால் காங்கிரஸ் பெரியவர்கள் இகழ்ந்தனர். அந்த வழியை முதலில் திறந்தவர்கள் தாங்களே என்பதை அவர்கள் மறந்தனர். 1967இல் ஆட்சியையும் இழந்தனர்.

சுந்தராம்பாளின் திரைவாழ்வு 1935இல் ‘நந்தனார்’ படத்தில் தொடங்கிற்று. ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது நாடெங்கும் பேச்சாயிற்று. பெண்ணொருத்தி அத்தொகையை உழைப்பின் விலையாகக் கேட்டுப் பெறுவது அதற்குமுன் எண்ணிப் பார்க்கப்படாதது. நடிக்க விருப்பமின்றி, மறுக்கும் வகையாகவே அத்தொகையைக் கேட்டார் என்பர். ஆடவருடன் நாயகியாக நடிப்பதில்லை என்ற உறுதிக்கு நந்தன் வேடம் இடையூறாகவில்லை. வேதியராக நடித்தவர் கர்நாடக இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் கொடிய பண்ணையார் இல்லை. வேதியர் என்ற பாத்திரத்தைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். அக்கீர்த்தனைகளில் இலக்கண வழு இருப்பதாகக் கருதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பின் பாட்டைக் காதால் கேட்டு உருகித் தந்ததையும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். புலமை ஏற்கத் தயங்கியதை மக்கள் முன்னரே ஏற்றுவிட்டனர். வயலில் உழைப்பவனுக்கும் உடையவனுக்கும் இடையிலான மோதலாகப் பழைய பக்திக்கதை மாறியது பாரதியாரின் கையில். அது பல்லாயிரவர் கண்முன் வந்தது திரையில். இறுதியில் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். காந்தியடிகள் 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்து சென்றிருந்த நேரம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில்தான். கோயிற்கதவு திறக்குமுன்னரே கொட்டகையின் கதவு திறந்துவிட்டது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்து கண்ட முதற் கலையரங்கு திரைப்படக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை உறுதிசெய்தது சாதியன்று, காசு என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி கூறியுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. காசு அளந்த வேற்றுமை சாதி அளந்ததைவிட நல்லதா என்று கேட்கலாம். தரை டிக்கெட்டில் இருந்தவனிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

படத்தைத் திறனாய்வாளர்கள் மெச்சவில்லை. ஆனந்த விகடனில் எழுதிய கல்கி, பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக எள்ளினார். அந்த எள்ளலில் நியாயம் உண்டு. நாடகத்தில் நின்றுகொண்டு பாடிப் பழகியவர்கள் கேமிராவின் முன்னும் அவ்வாறே நின்றனர். அப்படத்தின் உருவாக்கத்தில் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரும் பணிபுரிந்தார். அவர் பிறந்த நாட்டிலும் அதே காலத்தில் இதே கலக்கம்தான். 1927இல் வெளிவந்து பேசும்படக் காலத்தைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் படம், யூதர் தொழுகையில் வழிவழியாகப் பாடும் குடும்பத்து மகன் மேடைப் பாட்டை நாடி வீட்டை விட்டு வெளியேறும் கதையைச் சொன்னது. வானொலியும் இசைத்தட்டும் திரையும் அங்கே தந்தையர் சொல்லைவிட வலிமை பெற்றுவிட்டதாக மூத்தோர் வருந்தினர். அங்கே மகன் தொழுகைப் பாட்டை விட்டு மேடைக்குப் போனான். இங்கோ தொழுகைப் பாட்டே மேடைக்கும் திரைக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் வெகுமக்கள் கலை மரபோடு மோதியது. தமிழகத்தில் அது மரபின் உடையை உடுத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மரபையே உள்ளிருந்து மாற்றியது. எதிர்ப்பும் அதனால் இங்குக் குறைவு.

‘மணிமேகலை’ 1940இல் வந்தது. அதற்குப் பின் நெடுநாள் இடைவெளி.

எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் உருவாக்கிய ‘ஒளவையார்’ 1953இல் வெளியாயிற்று. தமிழ்க் கவிதை மரபைத் திரை மாற்றியமைத்ததற்கு இதனினும் பெரிய சான்று இல்லை. சங்கத் தொகையுள் 59 பாடல்கள் பாடிய ஒளவை வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளிய ஒளவை பல நூற்றாண்டு பிற்பட்டவர். முன்னவர் அதியமானோடு ஒருங்கிருந்து கள் உண்டவர். அவனுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்று, பளபளக்கும் படைக்கலங்களைப் புகழ்வது போலப் பழித்தவர். காதலின் வெம்மையைக் குறுந்தொகையில் கூசாது பாடியவர். அவர் இளையவராய் இருந்திருக்கக்கூடும் என்பதற்குப் புறநானூற்றிலேயே குறிப்பு உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் நீதிநூலாசிரியரும் இவரும் தனிப்பாடல் கதைகளின் மூதாட்டியும் ஒருவராகக் கலந்தது படத்திற்கு முன்பே நிகழ்ந்ததுதான். ஆனால் அந்தக் கலவைக்கு ஒரு முகமும் ஒரு நடையும் ஒரு குரலும் கொடுத்தது சுந்தராம்பாளின் நடிப்பு. நீறு பூசிய நெற்றி, வெண்ணிற ஆடை, கையில் கோல். 1948இல் முழுமையான மதுவிலக்கை ஏற்ற மாகாணத்தில் கள்ளுண்ட ஒளவைக்குத் திரையில் இடம் கிடைத்திருக்க முடியாது. கள் போயிற்று, காதலும் போயிற்று, அறிவுரை நின்றது.

இதனை இழப்பு என்றே கூறவேண்டும். அதே வேளையில், ஒரு பெண் புலவர் மன்னர்களை இடித்துரைத்து, ஊரூராகத் தனியே நடந்து, எவரையும் சாராமல் வாழ்ந்தார் என்ற செய்தி, புறநானூறு என்ற பெயரையே கேளாத லட்சக்கணக்கான பெண்களின் வீட்டுக்குள் இப்படத்தால்தான் சென்றது. பதிப்பாசிரியர்கள் செய்ய இயலாததைச் சுந்தராம்பாள் செய்தார். அவர் செய்தது பதிப்பாசிரியர்கள் ஒப்பக்கூடியது அன்று. இரண்டும் உண்மை. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் ஒளவைக்குச் சிலை எடுத்தபோதும் மூதாட்டியாகவே எடுத்தனர். அதியமானின் தோழியை அங்கே தேடிப் பயனில்லை.

1950களில் சுந்தராம்பாள் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்பர். பின்னாளில் தமிழகத்தின் கோட்டையில் திரையுலகினர் எத்தனை முறை அரியணை ஏறினர் என்பதை எண்ணும்போது, முதலில் நுழைந்தவர் தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட ஒரு பெண் என்பது பலர்க்கு நினைவில் இல்லை.

காங்கிரஸ் பற்றும் முருகபக்தியும் மாறாத அவரை, மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாக நடிக்கச்செய்தது எளிதாக இருக்கவில்லை. சமணத் துறவியின் வேடத்தில் சைவப்பற்றுடைய பாடகி, பகுத்தறிவுக் கொள்கையினரின் வசனம், கதையோ இளங்கோவடிகளுடையது. வேறு எந்தக் களத்திலும் ஓரிடத்தில் அமராத மூவரைத் திரைப்படம் ஒன்றாக அமர்த்தியது. அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’, பின் ‘கந்தன் கருணை’ (1967) ஆகியவற்றில் மீண்டும் ஒளவை. ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ. ‘காரைக்கால் அம்மையார்’ 1973இல் வந்தது. அறுபது வயதைக் கடந்த பின்னும் அக்குரல் மேல்தாயியில் தளரவில்லை.

திருநின்றவூரில் பூசலார் நெஞ்சுக்குள் எழுப்பிய கோயிலை ஒருவரும் கண்டிலர்; காடவர்கோன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியை விட்டு இறைவன் அங்குக் குடியேறினான் என்பது பெரியபுராணம். பக்தி உள்ளத்தளவில் நிகழ்வது என்ற அந்தப் பழைய கொள்கைக்கு நேர்மாறானது இருபதாம் நூற்றாண்டு கண்ட பக்தி. அது எல்லார்க்கும் தெரியவேண்டும், எல்லார் காதிலும் விழவேண்டும். கோயில்களின் மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் விடியற்காலையில் ஊரை எழுப்பின. ஓதுவார் பாடிய தேவாரத்தின் இடத்தில் இசைத்தட்டுப் பாடல் வந்து நின்றது. ஓதுவாரின் வாழ்வு மெலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதனை மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் ஓதுவார் நின்ற இடத்திற்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தவர்களின் தெருவுக்கும் இசைத்தட்டு சென்றது. சுந்தராம்பாளின் முருகன் பாடல்கள் அவ்வாறு சென்றவற்றுள் முன்நிற்பன.

1980இல் அவர் மறைந்தார். இசைத்தட்டுகள் ஒலிநாடாக்களாகவும் பின்னர் குறுந்தட்டுகளாகவும் மாறின, பாடல்கள் மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துச் செல்வோருக்காக வழியோரத்தில் போடப்படும் தண்ணீர்ப் பந்தல்களில் அக்குரல் ஒலிக்கக் கேட்கலாம். தணிகை, வள்ளியை மணந்த முருகன் அமர்ந்த மலை. கொழும்பு மேடையில் பதினெட்டு வயதில் வள்ளியாக நின்று பாடிய சுந்தராம்பாளின் குரலைப் பந்தலில் நிற்பவர்கள் கேட்டதில்லை. அவர்கள் அறிந்தது ஒளவையின் குரலைத்தான்.